பின்னால் தொங்கும் மோட்டார்

"இதுல எது ரவை, எது மரத்தூளு? நீங்களே பிரிச்சிக் குடுங்க" என்று கேசரிக்கு எடுத்த ரவைத் தட்டைக் காஸ்பரின் முகத்துக்கு நேராக நீட்டினாள் ஜெயமேரி.

காஸ்பர் தட்டைப் பார்க்கவில்லை. வெட்கத்தில் தரையைப் பார்த்தார். தரையிலும் தூள்தான்.

விருத்தாசலத்தில் அவருடைய தச்சுப் பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. போன வாரம்தான் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பழைய மேசை ரம்பம் வாங்கி வந்திருந்தார். அதன் மோட்டார் பெட்டிக்குள் இல்லை; பின்பக்கம் வெளியே தொங்கியது. அது தொங்க வசதியாகப் பெட்டியின் முதுகைத் திறந்தே விட்டிருந்தார்கள். ரம்பம் சுற்றினால் அந்த வழியாகத் தூள் புறப்பட்டு வீடு முழுக்கப் பறந்தது.

அன்றைக்கு மகள் அனிஷாவைப் பெண் பார்க்கச் சேத்தியாத்தோப்பிலிருந்து வருகிறார்கள். அவர்களைக் காஸ்பர் நேரில் பார்த்ததில்லை. தரகர் தர்மராஜ் செல்போனில் எச்சரித்திருந்தார்: "எடுத்ததும் பொண்ணு, கல்யாணம்னு ஆரம்பிக்காதீங்க. கூச்சப்படுவாங்க. அவங்களா பேசட்டும்."

"மிஷின ஒரு நாளு நிறுத்தி வச்சா என்ன?" என்றாள் ஜெயமேரி.

"ஓட்டிக் காட்டுன்னு கேட்டா? தூளு பறக்குற வூட்டுல பொண்ணு எடுப்பாங்களா? இரு, சரி பண்ணிடறேன்."

முதுகை மூடிக் கோணிச் சாக்கைக் கட்டினார். சோதித்துப் பார்க்க ஒரு பலகையை அறுத்தார். சாக்கு மோட்டாரையும் சேர்த்து மூடியிருந்தது. காற்றில்லாமல் மோட்டார் கொதித்தது, சாக்கு கருகியது, வாடை கூடம் வரைக்கும் வந்தது.

"அப்பா, பட்டுப்பொடவையெல்லாம் அடுப்பு நாத்தம் அடிக்குதுப்பா!" என்று உள்ளேயிருந்து அனிஷா கத்தினாள்.

சாக்கை அவிழ்த்தார். மோட்டாரிலிருந்து ரம்பத்துக்குப் போகும் பெல்ட்டு ஓட மட்டும் இடம் விட்டு, முதுகை ஒட்டுப்பலகையால் அடைத்தார். மறுபடி ஒரு பலகை. பின்னால் போக முடியாத தூள் அடிப்பக்கமாகக் கொட்டி, கதவிடுக்கில் நுழைந்து, ஜெயமேரி அப்போதுதான் துடைத்து முடித்த கூடத்தில் பரவியது.

அவள் துடைப்பத்தை அவர் காலடியில் போட்டுவிட்டுப் போனாள்.

காஸ்பர் அடிப்பக்கத்தையும் அடைத்தார். இண்டு இடுக்கில் எல்லாம் பழைய துணியைத் திணித்தார். இந்த முறை எத்தனை பலகை அறுத்தும் ஒரு பொட்டுத் தூள் வெளியே வரவில்லை. எல்லாம் பெட்டியின் வயிற்றிலேயே தங்கிவிட்டது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் முகம் கழுவி வருவதற்கும் வாசலில் ஆள் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது. ஒரு பெரியவர், ஒரு இளைஞன், ஒரு அம்மாள்.

"வாங்க, வாங்க! உள்ள வாங்க!"

"ஒரு விஷயமாப் பேசணும்..." பெரியவர் இழுத்தார்.

"தெரியுங்க. மொதல்ல உக்காருங்க. கேசரி சாப்புடுங்க."

அனிஷா காபி கொண்டுவந்தாள். இளைஞன் அவளைப் பார்க்காமல் கூடத்தின் மூலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கூச்ச சுபாவம், நல்ல பையன் என்று காஸ்பர் நினைத்துக்கொண்டார். பெரியவர் வாயைத் திறந்தபோதெல்லாம் ஜெயமேரி அவர் தட்டில் இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள்.

"எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னே தெரியலிங்க..."

"நமக்குள்ள என்னங்க கூச்சம்? சும்மா சொல்லுங்க."

பெரியவர் விழித்தார். இளைஞன்தான் தொண்டையைக் கனைத்தான். "உங்க ரம்ப மிஷினு... அதுல தூளு ரொம்ப வருமோ?"

காஸ்பரின் நெஞ்சு நிமிர்ந்தது. "தூளா? அந்தப் பேச்சுக்கே எடமில்ல. வந்து பாருங்க!"

எல்லோரையும் பட்டறைக்கு அழைத்துப் போய் ஒரு பலகையை நேராக அறுத்துக் காட்டினார். தூள் இல்லை. வந்தவர்கள் ஒருவரையொருவர் குழப்பத்தோடு பார்த்துக்கொண்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"சாய்ச்சும் அறுக்கும்ங்க!" என்று கைச்சக்கரத்தைத் திருப்பினார்.

ரம்பம் சாய்ந்தால் பின்னால் தொங்கும் மோட்டாரும் கூடவே சாயும். அதை அவர் யோசிக்கவில்லை. மோட்டார் ஒட்டுப்பலகையில் இடித்தது. பலகை பிளந்தது. காலையிலிருந்து அடைபட்டுக் கிடந்த தூள் அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

சுவிட்சைத் தேடி அணைத்தபோது எல்லோருக்கும் புருவம் ஒரே நிறத்தில் இருந்தது. காஸ்பர் பதறிப்போய்த் துண்டால் பெரியவரின் சட்டையைத் தட்டினார். துண்டிலும் தூள். வெள்ளைச் சட்டை இன்னும் மோசமானது. கதவோரம் பட்டுப்புடவையில் அனிஷா கண்கலங்கி நின்றாள். அவளைப் பார்த்ததும் அவருக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"பொய் சொல்லிட்டேங்க" என்று கைகூப்பினார். "தூளு பறக்குற வூடுதான் இது. என்ன எவ்ளோ வேணாலும் திட்டுங்க. அதுக்காக எம் பொண்ண வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவ மேல ஒரு கொறையும் இல்ல."

பெரியவர் இளைஞனைப் பார்த்தார். இளைஞன் தரையைப் பார்த்தான். அதுவரை வாயே திறக்காத அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நாங்க பின்தெருவுல புதுசா பொம்மை ஷெட்டு போட்டிருக்கறவங்கண்ணே, காய வச்ச பொம்மை மேலெல்லாம் உங்க தூளு வந்து ஒட்டுதுன்னு சொல்லத்தான் வந்தோம், பொண்ணு பார்க்க வந்தவங்கன்னா, அதோ வேன்லேருந்து எறங்கி நம்மளயே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்களே, அவங்களாத்தான் இருக்கும்."