கோட்டைச்சாமியின் ஐந்தாம் வகுப்பு

இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்தே தீருவது என்று கோட்டைச்சாமி தீர்மானம் செய்தபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

பள்ளிக்கூடத்துக்குப் போவது என்னவோ அவருடைய மகள் ராமுத்தாய்தான். வீட்டுப்பாடம் மட்டும் அவருடையது. வகுத்தல் கணக்கு, மதுரை ஜில்லாவின் தேசப்படம், கையெழுத்துக் காப்பி, எது வந்தாலும் சிலேட்டையும் நோட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். மகள் எழுதினால் முல்லையாறு ஒரு கோடாக ஓடும். அவர் வரைந்தால் வளைந்து வளைந்து, ஒவ்வொரு வளைவிலும் இரண்டு தென்னை மரத்துடன் ஓடும். காமயகவுண்டன்பட்டியில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது.

அவரும் ஒரு காலத்தில் ஐந்தாம் வகுப்பில் கெட்டிக்காரராக இருந்தவர்தான். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது தகப்பனார் அவர் கையில் ஏரைக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு நின்றுபோன பரீட்சை, இருபத்தேழு வருஷமாக அவருக்குள் நடந்துகொண்டே இருந்தது. இப்போது நஞ்சையை வேறு ஆளிடம் வாரக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. புங்கமரத்தடியில் மல்லாந்து படுத்தால் மேற்கு மலை தெரியும். மலைமேல் மேகம் வந்து உட்காரும். அது கொஞ்ச நேரத்தில் கோட்டுப் போட்ட இன்ஸ்பெக்டராக மாறும். "கோட்டைச்சாமி யார்? எழுந்து நில்!" என்று கேட்கும். அவர் எழுந்து நிற்பார். படுத்தபடியேதான். மலை முழுக்கக் கைதட்டும்.

இப்படிக் கைதட்டல் நடந்துகொண்டிருக்கும்போதுதான் மனைவி சந்தனம்மாள் வந்து நிற்பாள்.

"ஏங்க, அந்தத் தென்னம்பிள்ளைகளுக்கு நாலு நடை தண்ணி ஊத்தக் கூடாதா? பூராம் வாடுது."

"ஊத்தலாம் புள்ள."

"எப்ப?"

"மேகம் எறங்குது பாரு. நாளைக்கு மழ. மழ பேயறப்ப நாம எதுக்கு நடுவுல?"

"இதத்தான் தை மாசத்துலருந்து சொல்றீக."

"மேகம் பேச்சு மாறுனா அதுக்கு நானா பொறுப்பு?"

அந்த நாற்பது தென்னம்பிள்ளைகளும் சந்தனம்மாளின் அப்பா அனுமந்தன்பட்டியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டுவந்து, தன் கையால் நட்டுக்கொடுத்தவை. நட்ட இடம் மேட்டுப் புஞ்சை. வாய்க்கால் தண்ணீர் அங்கே ஏறாது. சுமந்துதான் ஊற்ற வேண்டும். சந்தனம்மாள் மாட்டையும் அடுப்பையும் கிணற்றுத் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு விடியற்காலையில் குடத்தில் சுமந்ததில், பத்துப் பிள்ளை பச்சையாக இருந்தது. முப்பது, ஓலை ஓரம் கருகிக்கொண்டு வந்தது. சித்திரை பிறந்ததும் அப்பா வருவார். வந்ததும் வீட்டுக்குள்கூட நுழையாமல் நேராகப் புஞ்சைக்குத்தான் போவார். அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் ராமுத்தாய் மூச்சிரைக்க ஓடிவந்தாள். பங்குனி முடிவில் இன்ஸ்பெக்டர் வருகிறாராம். அதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கவனிப்பு நோட்டு எழுத வேண்டும் என்று வாத்தியாரம்மா கஸ்தூரியம்மாள் சொல்லிவிட்டார்களாம். முதல் நோட்டுக்கு இன்ஸ்பெக்டர் கையால் பரிசு!

கோட்டைச்சாமி எழுந்து உட்கார்ந்தார். பகலில் அவர் எழுந்து உட்காருவது அபூர்வம்.

"என்னத்தக் கவனிக்கணும் தாயி?"

"வீட்ல இருக்கற ஒரு ஜீவன முப்பது நாள் கவனிக்கணும் அய்யா. அது என்ன திங்குது, எப்ப அசையுது, எதனால சுறுசுறுப்பாகுதுன்னு..."

"எந்த ஜீவன்?"

ராமுத்தாய் வாயைத் திறந்தாள். அதற்குள் அடுப்படியிலிருந்து சந்தனம்மாள், "தென்னம்பிள்ளை" என்றாள்.

"தென்னம்பிள்ள ஒரு ஜீவனா?"

"பின்ன, அதுக்கு உசுரு இல்லையா? இன்னும் பத்து நாள் போனா இல்லாமத்தான் போகும். அதுக்குள்ள கவனிக்கணும்ல?"

"வாத்தியாரம்மாவா சொன்னாக?"

"ஒரு பிள்ளைக்கு இத்தன தகரம் தண்ணின்னா இத்தன நாள்ல குருத்து வரும்னு கண்டுபுடிக்கணும். நாப்பதையும் பாக்கணும். ஒண்ணு விட்டாலும் கணக்கு கெட்டுப்போகும். உங்களுக்குத்தான் சிரமம். வேணாம்னா விட்ருங்க. அடுத்த தெரு ஜக்கம்மா மகளுக்கு அவுக அய்யா..."

"ஏ, யாரு விடுறேன்னா? மூங்கில் எங்க இருக்கு?"

ராமுத்தாய் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளுடைய முகத்தில் அரிசியைத் தவிர வேறு எந்த நினைப்பும் இருப்பதாகத் தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலையில் கோட்டைச்சாமி மூங்கிலின் இரண்டு முனையிலும் மண்ணெண்ணெய்த் தகரங்களைக் கட்டித் தோளில் தூக்கினார். முதல் நடையில் தோள் எரிந்தது. மூன்றாவது நடையில்தான் தகரத்துக்குள் பார்த்தார். ஒவ்வொரு தகரத்திலும் ஒரு துண்டு வானம் ஆடிக்கொண்டிருந்தது. மலையின் நீலம் கொஞ்சம் அதில் கலந்திருந்தது. அதைச் சிந்தாமல் மேட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையின் காலடியில் ஊற்றினார். மண் 'உஸ்' என்று வானத்தைக் குடித்தது. அவருக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று. இதை நோட்டில் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பக்கத்துப் புஞ்சைச் சுருளி வரப்பில் நின்று பார்த்தான்.

"என்ன மச்சான், காவடி எந்தக் கோயிலுக்கு?"

"பள்ளிக்கூடத்துக்கு மாப்ள. வீட்டுப்பாடம்."

சுருளி ஒருமுறை தென்னம்பிள்ளைகளைப் பார்த்தான். ஒருமுறை கோட்டைச்சாமியின் தோளைப் பார்த்தான்.

"முன்னாடியே தெரிஞ்சா எங்க வீட்லயும் இப்படி ஒரு வாத்தியாரம்மாவ வச்சிருப்பேனே!"

பொறாமை, என்று கோட்டைச்சாமி முடிவு செய்தார்.

அதன்பின் வீட்டுப்பாடம் வளர்ந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் புத்தகப் பையை வைப்பதற்குள் சந்தனம்மாள் அன்றைய கேள்வியைச் சொல்லிவிடுவாள்.

"வேலி போட்ட பிள்ளைக்கும் போடாததுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டாகளாம்."

கோட்டைச்சாமி இருபது பிள்ளைகளுக்கு முள்வேலி போட்டார். வித்தியாசம் தெரிந்தது. போடாததில் ஒன்றை ஆடு தின்றது. மற்றப் பிள்ளைகளுக்கும் போட்டார்.

"சாணம் போட்டா ஓலைக்கு என்ன நெறம் வருது, சாம்பல் போட்டா என்ன நெறம் வருதுன்னு கேட்டாகளாம்."

கூடை கூடையாகச் சுமந்தார்.

"தொழுவத்துல ஒரு நாளைக்கு எத்தன கூடை சாணம் விழுதுன்னும் எழுதணுமாம்."

"இது எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன உங்கள மாதிரி அஞ்சாங்கிளாஸ் படிச்சவளா?"

அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் தொழுவத்தைக் கூட்டாமல் இருக்க முடியுமா? கூட்டினார்.

சாயங்காலம் பருத்திப்பால் ஒரு செம்பு வரும். நோட்டு பிள்ளைகளின் கையெழுத்தில்தான் இருக்க வேண்டுமாம். அதனால் பாலைக் குடித்துக்கொண்டே அவர் சொல்லச் சொல்ல ராமுத்தாய் எழுதுவாள். அவர் எட்டிப் பார்த்தால் கையால் மறைப்பாள்.

"மை காயல அய்யா. பரிசு வாங்குறப்ப பாத்துக்கலாம்."

பிள்ளை கூச்சப்படுகிறது, என்று விட்டுவிட்டார். அவரது கனவும் இப்போது இடம் மாறியிருந்தது. இன்ஸ்பெக்டர் மலையை விட்டு இறங்கிப் புஞ்சைக்கே வந்தார். ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டுப் பார்த்தார். "இவ்வளவு நுட்பமாகக் கவனித்தவர் யார்?" என்று கேட்டார். கோட்டைச்சாமி தகரத்தை இறக்கி வைக்காமலே அடக்கமாகச் சிரித்தார். அந்த நேரத்தில் எத்தனை நடை நடந்தோம் என்று அவருக்கே தெரியாது.

பங்குனி இருபதாம் தேதி முதல் குருத்து வந்தது. வெளிறிய பச்சையில், மடித்த விசிறி போல. சந்தனம்மாள் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். தொடவில்லை. அவள் கண் கலங்கியிருந்ததைக் கோட்டைச்சாமி பார்த்தார். படிப்பின் மேல் இவளுக்கு இவ்வளவு பக்தியா என்று வியந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று கோட்டைச்சாமி வெள்ளை ஜிப்பா போட்டு, அங்கவஸ்திரத்தை இரண்டு தடவை மடித்துப் போட்டுக்கொண்டு போய்ப் பெற்றோர் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்தார். வாத்தியாரம்மா கஸ்தூரியம்மாள் ஒரு நோட்டைத் தனியே எடுத்துக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி புரட்டினார். பிறகு உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"நான் கவனித்த ஜீவன்: எங்கள் அய்யா."

கோட்டைச்சாமி பக்கத்தில் திரும்பினார். சந்தனம்மாள் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் நாள். காலை எட்டு மணி: அய்யா தூங்கினார்கள். ஒன்பது மணி: விழித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். ஆத்தா 'தண்ணீர் ஊற்றுங்கள்' என்றது. அசையவில்லை. சாயங்காலம் 'வாத்தியாரம்மா சொன்னார்கள்' என்றது. எழுந்தார்கள்.

"எட்டாம் நாள். சும்மா விட்டால் இருபது நடை. பருத்திப்பால் கொடுத்தால் இருபத்துமூன்று நடை. 'உங்களை மாதிரி கணக்கு யாருக்கு வரும்' என்று சொன்னால் முப்பது நடை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பாட்டுப் பாடிக்கொண்டே நாற்பது நடை.

"பதினைந்தாம் நாள். சோதனைக்காகப் புகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அன்று அய்யாவுக்குக் கால் வலி.

"பதினாறாம் நாள். புகழ்ச்சி மறுபடி கொடுக்கப்பட்டது. வலி காணவில்லை."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். அது சுருளியின் இருமல்.

"முடிவு: இந்த ஜீவன் மிகவும் நல்லது. முப்பத்தொன்பது தென்னம்பிள்ளைகளைக் காப்பாற்றியது. ஆனால் அதற்கு வேலை என்று சொல்லக் கூடாது. பாடம் என்று சொல்ல வேண்டும்."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். "இருபது வருஷ சர்வீஸில் இவ்வளவு நேர்மையான நோட்டை நான் பார்த்ததில்லை. இந்த ஜீவன் வந்திருக்கிறதா? எழுந்து நிற்கலாமா?"

அறை முழுவதும் திரும்பியது. கோட்டைச்சாமி எழுந்து நின்றார். கைதட்டல் எழுந்தது. இருபத்தேழு வருஷமாக அவர் மலைமேல் கேட்ட அதே கைதட்டல். அதே கோட்டு. காரணம் மட்டும்தான் வேறு.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் இரண்டு எட்டு முன்னால் நடந்தார். இரண்டு பக்கமும் வயல் விரிந்து கிடந்தது. மேகத்தின் நிழல் ஒன்று நெல்லின்மேல் நடந்து அவர்களைத் தாண்டிப் போயிற்று. ராமுத்தாய் பரிசாக வந்த பென்சில் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தாள்.

"அப்ப வாத்தியாரம்மா தென்னம்பிள்ளையப் பத்தி ஒரு வார்த்தகூடக் கேக்கலையா?" என்றார் திரும்பிப் பார்த்து.

"கேட்டாகளே. இன்னைக்குத்தான். பொழச்சிருச்சான்னு கேட்டாக. பொழச்சிருச்சுன்னேன்" என்றாள் சந்தனம்மாள்.

"சாணம்?"

"அது நான் கேட்டது."

"வேலி?"

"அதுவும் நாந்தான். சித்திரையில எங்கப்பா வந்து பாத்தா, 'மாப்ள கை வச்சா பட்ட மரமும் துளிருது'ம்பாக. அனுமந்தன்பட்டி பூராம் சொல்லுவாக. நாப்பது வருஷம் வெவசாயம் பாத்த எங்கப்பாவாலகூட மேட்டுல இப்படிக் குருத்து எடுக்க முடிஞ்சதில்ல. அதுக்கெல்லாம் உங்கள மாதிரி ஒரு மூள வேணும்."

கோட்டைச்சாமி அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். நடை கொஞ்சம் வேகமானது. ராமுத்தாய் அதைக் கவனித்தாள். பழக்கதோஷத்தில் எண்ணவும் ஆரம்பித்தாள்.

"அய்யா, அடுத்த வருஷம் ஆறாங்கிளாஸ்ல நம்ம தோட்டத்துக் கெணத்தப் பத்தி எழுதணும்னு ஆத்தா சொல்லுச்சு. தூர் எவ்வளவு இருக்கு, வாரிப் போட்டா தண்ணி எத்தன அடி ஏறும்னு."

கோட்டைச்சாமி நின்றார். மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இனி ஒருக்காலும் ஏமாறுவதில்லை என்ற உறுதி அவர் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஐந்து அடி நடந்தார். பிறகு மெதுவாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்:

"அந்தத் தூர் மண்ண, அடிக் கணக்குல எழுதணுமா, கூடைக் கணக்குல எழுதணுமா?"

"அத எறங்கிப் பாத்தவுகதான் சொல்லணும்" என்றாள் சந்தனம்மாள்.