பத்மாசினி வீட்டு அடையல் தொட்டி

தண்ணீர் மறுபடியும் கலங்கிக் கிடந்தது.

முதல்நாள் பின்னேரம் சீவரத்தினம் மோட்டரை நிறுத்திவிட்டுப் போகும்போது குளத்தின் அடிமணல் பளிச்சென்று தெரிந்தது. இன்றைக்குக் காங்கேசன்துறை ரயிலால் இறங்கி, வீட்டுக்கும் போகாமல் சாப்பாட்டுக் கரியரும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தால், பால் விட்ட கோப்பி மாதிரி இருந்தது. அந்தக் கோப்பிக்குள்ளிருந்து செம்மஞ்சளாய் ஏதோ ஒன்று மெல்ல மேலே வந்தது. மாலை வெயில் பட்டு விளக்கு ஏற்றியதுபோல ஒரு கணம் மினுங்கிவிட்டு, வந்த வழியே இறங்கி மறைந்தது. சீவரத்தினம் கரியரைப் பிடித்தபடி அது மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன, இண்டைக்கும் தெளியேல்லையோ?" பின்னால் பத்மாசினியின் குரல்.

"நாங்கள் வைச்ச பீப்பா சின்னன், காணாது போல கிடக்கு. தண்ணி உதுக்கை நிண்டு ஆறுதலாச் சுத்தினால்தான் மண் அடியிலை அடையும். உது வந்த வேகத்திலை திரும்பிப் போயிடுது."

"அப்ப பெரிசொண்டு தேவை."

"ஓம். பெரிசொண்டு தேவை."

"அவசரமில்லை, ஆறுதலாச் செய்யுங்கோ," என்றுவிட்டு அவள் தேத்தண்ணீர் எடுத்துவர உள்ளே போனாள்.

இணுவிலில் அந்த ஒழுங்கையில் மீனுக்கென்று குளம் வெட்டிய வீடு அது ஒன்றுதான். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கிய சனம் உடுத்த உடுப்போடு இறங்கியது. பத்மாசினி மட்டும் ஒரு பால்மாப் பேணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். உள்ளே நகைநட்டு இருக்கிறதாக்கும் என்று அவளுடைய தகப்பன் நமசிவாயத்துக்குக் கொஞ்சம் ஆறுதல். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால், விரல் நீளத்தில் மூன்று யப்பான் கெண்டைக் குஞ்சுகள். அவள் வாடகைக்கு இருந்த வெள்ளவத்தை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நின்றவை. வேறொன்றையும் எடுக்க நேரம் கிடைக்கவில்லை என்றாள். அதற்குமேல் அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வருடத்தில் குஞ்சுகள் முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டன. தண்ணீர்தான் பழுதாகிவிட்டது.

"மீனுக்கு ஒண்டுமில்லை. உதுகள் சேத்தைக் கிண்டித் திண்டு வளர்ற சாதி. எனக்குத்தான் பாக்க ஆசையாக் கிடக்கு," என்று ஒருநாள் வாசல் படலையடியில் நின்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வழியால் போன சீவரத்தினத்தின் வாயிலிருந்து ஒரு பேச்சு வழுக்கி விழுந்தது.

"அதுக்கு ஒரு அடையல் தொட்டி கட்டினால் சரி. எங்கடை சீமெந்துத் தொழிற்சாலையிலை நாங்கள் செய்யிற வேலைதானே."

அவன் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தது உண்மை. வாசலில் குந்தியிருந்து, ஆட்கள் வந்துபோகும் நேரத்தைப் பதிகிற வேலை. தொட்டிகளையும் குழாய்களையும் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறான். தங்கச்சிமாருக்கு மாப்பிள்ளை தேடித் தேடியே முப்பத்தாறு வயதுக்கு வந்துவிட்டவன், தனக்கென்று ஒரு பெண்ணோடு நின்று கதைத்துப் பழக்கமில்லாதவன், அன்றைக்கு எப்படி அப்படிக் கதைத்தான் என்று அவனுக்கே விளங்கவில்லை.

அடுத்தநாள் மத்தியானச் சாப்பாட்டில் தன் மீன்பொரியலை இயந்திரப் பகுதி அடைக்கலநாதனின் பக்கமாகத் தள்ளிவிட்டு, அடையல் தொட்டி எப்படி வேலை செய்கிறதென்று கேட்டறிந்தான். குளத்துத் தண்ணீரை மோட்டரால் இழுத்துத் தொட்டிக்குள் சுற்றவிட வேண்டும். மண் நடுவில் போய் அடியில் படியும். மேலே நிற்கிற தெளிந்த தண்ணீர் குழாயால் குளத்துக்குத் திரும்பும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நம்பித்தான், றோட்டுப் போட்டவர்கள் விட்டுப்போன தார்ப் பீப்பாவை உருட்டிக்கொண்டு வந்தான். தாரைச் சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டு உரஞ்சிக் கழுவிப் பூட்டினான். குளத்தின் மேல் பெரிய வானவில் ஒன்று படர்ந்தது. பத்மாசினி நாடியில் கை வைத்துக் கனநேரம் பார்த்தாள்.

"வடிவாத்தான் கிடக்கு. ஆனால் மீன் மூச்செடுக்குமோ?"

மீன்களைக் குளிக்கிற தொட்டிக்கு மாற்றி, குளத்தை இறைத்து, புதுத் தண்ணீர் விட்டு, பீப்பாவை மறுபடியும் மணல் போட்டு உரஞ்சி முடிக்க ஒரு கிழமை போனது. அந்த ஒரு கிழமையும் நமசிவாயத்தார் கிணற்றடியில் வாளியால்தான் குளித்தார். அதன்பிறகு பீப்பா ஒழுங்காக வேலை செய்தது. பின்னேரம் தண்ணீர் தெளியும். அடுத்தநாள் வந்தால் கோப்பி.

அதனால்தான் பெரிய பாத்திரம் தேடினான். ஒழுங்கை முகப்பு வைரவர் கோயிலில் அன்னதானத்துக்குச் சோறு அவிக்கிற கிடாரம் ஒன்று இருந்தது. ஒரு ஆள் உள்ளே இறங்கி இருக்கலாம். திருவிழாவுக்கு இன்னும் நாள் கிடக்கிறதே என்று, பூசகரிடம் "ஒரு நல்ல அலுவலுக்கு" என்று சொல்லி, வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்து முருங்கை மரத்தடியில் வைத்தான்.

கிடாரம் அற்புதமாக வேலை செய்தது. தண்ணீர் அதற்குள் அசைந்ததே தெரியாமல் சுற்றியது. அதன் விளிம்பில் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த சீவரத்தினத்துக்குத் தான் எங்கே நிற்கிறேன் என்பது மறந்துபோனது. வானமும் முருங்கைப் பூவும் பத்மாசினியின் சேலைக்கரையும் சேர்ந்து அந்தத் தண்ணீருக்குள் மெல்லச் சுழன்றன. இப்படியே சுழன்றுகொண்டிருந்தால் வீட்டுக்குப் போகவே தேவையில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

பின்னால் ஒரு செருமல் கேட்டது. நமசிவாயம். தபாற்கந்தோரில் வேலை செய்து இளைப்பாறியவர். இப்போது வைரவர் கோயிலின் செயலாளர். சீவரத்தினம் இந்த இரண்டாவது விசயத்தை யோசிக்க மறந்துவிட்டான்.

"உது எங்கடை வைரவற்றை கிடாரமோ?"

"ஓம்."

"உதுக்கை என்ன?"

"தண்ணி."

"என்ன தண்ணி?"

"மீன்... இல்லை, மீன் இல்லை. மீன் நிண்ட தண்ணி."

நமசிவாயம் கத்தவில்லை. சால்வையை எடுத்து ஒருமுறை உதறித் திரும்பத் தோளில் போட்டார். அதுவே போதுமானதாக இருந்தது. அடுத்த மூன்று பின்னேரமும் சீவரத்தினம் புளியும் சாம்பலுமாகக் கிடாரத்துக்குள் இறங்கி இருந்து மினுக்கினான். ஒழுங்கைச் சனம் வந்து வந்து எட்டிப் பார்த்தது. பூசகர் மந்திரம் சொல்லித் தீர்த்தம் தெளித்தபோது கிடாரத்தோடு சேர்த்து அவனுக்கும் தெளித்தார்.

"இனி உந்த விளையாட்டுப் போதும்," என்றார் மினுக்கலைப் பார்க்க வந்த நமசிவாயம். "குளத்தை மூடிப்போட்டு ரண்டு கதலி வாழை வைப்பம்."

"அப்பா, பாதியிலை விடக்கூடாது," என்றாள் பத்மாசினி. "முத்தத்திலை குளம் தெளிஞ்சு கிடந்தால் வீட்டுக்கு ஒரு களைதானே."

களை என்ற சொல் நமசிவாயத்தின் மனதில் எங்கோ போய்த் தைத்தது. 

"அதுவும் சரிதான். லண்டன் பெடியன்ரை தாய் தேப்பன் பிள்ளை பாக்க வரவேணும் எண்டு நிக்கினம். வாசல்லையே சேத்தைக் காட்டேலாது. தம்பி, நீர் உதைத் தெளிய வையும். தெளிஞ்ச அண்டைக்கு அவைக்கு ஆள் அனுப்புறன்."

சீவரத்தினத்தின் கையிலிருந்த புளி கிடாரத்துக்குள் விழுந்தது. அவன் பத்மாசினியைப் பார்த்தான். அவள் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தெளிய வைத்தால் லண்டனிலிருந்து ஆள் வரும். தெளிய வைக்காவிட்டால் கதலி வரும், மீன் போய்விடும். பால்மாப் பேணியை அணைத்துக்கொண்டு கப்பலால் இறங்கினவளுக்கு அவற்றைத் தெளிந்த தண்ணீரில் காட்டாமல் விடுவது மனிதச் செய்கை இல்லை என்று கடைசியில் முடிவெடுத்தான். மனம் வலித்தது. என்றாலும் அந்த வலியில் ஒரு பெருமையும் இருந்தது.

சல்லிக்கல்லும் சீமெந்தும் கொண்டுவந்து, குளத்தைவிட ஒரு சாண் உயரத்தில் தானே ஒரு தொட்டி கட்டினான். தானே கட்டியபடியால் தண்ணீர் நிரம்பியதும் ஒரு மூலை வாயைப் பிளந்தது. முற்றத்தில் பாயில் காய்ந்துகொண்டிருந்த நமசிவாயத்தாரின் பனங்கிழங்கு ஒடியல், பாயோடு மிதந்து படலை வரைக்கும் போனது. முற்றம் கூட்டவும் மாட்டுக்குப் புல்லுப் போடவும் வருகிற அன்னப்பிள்ளை விளக்குமாற்றோடு பின்னால் ஓடி அதை மறித்தாள். நமசிவாயம் சால்வையை உதறினார்.

"இஞ்சாருங்கோ, கால் நனைஞ்சு போச்சு, மேலை வாங்கோ," என்றாள் பத்மாசினி.

அவள் ஒழுங்கையிலுள்ள எல்லா ஆம்பிளைகளையும் அண்ணை என்றுதான் கூப்பிடுவாள். அவனை மட்டும், பெண்சாதிமார் புருசன்மாரைக் கூப்பிடுகிறதுபோல, இஞ்சாருங்கோ என்பாள். தன்னுடைய பெயர் அவளுக்கு நினைவில் நிற்கவில்லை என்று சீவரத்தினம் நினைத்துக்கொண்டான். அதைக் கேட்டுத் தெளிவுபடுத்தவும் கூச்சமாக இருந்தது. தேத்தண்ணீரோடு வந்தது முதலில் சர்க்கரைத் துண்டு. பிறகு வடை. இப்போது பயித்தம் பணியாரம். பாவம், வேலைக்காரனுக்குச் சோர்வு வரக்கூடாதென்று பார்க்கிறாள் என்று அதையும் தின்றான்.

பிளந்த மூலையைப் பூசி முடித்த பின்னேரம், தண்ணீர் அவன் வாழ்க்கையில் கண்டிராத மாதிரித் தெளிந்தது. இருவரும் குளக்கட்டில், நடுவில் இன்னும் இரண்டு பேர் இருக்கலாம் என்ற அளவு இடைவெளி விட்டு இருந்தார்கள். மூன்று மீன்களும் ஒன்றின் பின் ஒன்றாக வந்தன. ஒன்று முழுச் செம்மஞ்சள், ஒன்று வெள்ளையில் சிவப்பு, ஒன்றுக்கு முதுகில் மை கொட்டின மாதிரிக் கறுப்பு. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. மீன்கள் காற்றில் மிதந்தன. அவற்றின் நிழல்கள் அடிமணலில் தனியாக நீந்தின. தூரத்தில் கோயில் மணி கேட்டு ஓய்ந்தது. 

"கப்பல்லை வரேக்கை உதுகளுக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தனான்," என்றாள் பத்மாசினி திடீரென்று. "பயத்திலை."

"என்ன கதை?"

"ஊருக்குப் போனால் பெரிய குளம் இருக்கும், தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும் எண்டு. சும்மா பொய்தான்."

"பொய் இல்லைத்தானே இப்ப," என்றான் சீவரத்தினம். 

அந்த நேரம் பார்த்து நமசிவாயம் வந்து எட்டிப் பார்த்தார். "சோக்கா இருக்குத் தம்பி. நாளைக்கே லண்டன் பகுதிக்குச் சொல்லிவிடுறன்."

அடுத்தநாள் கோப்பி.

அதற்கடுத்தநாளும் கோப்பி. பின்னேரம் தெளியும், விடிந்தால் கலங்கும். சொல்லியனுப்பப் புறப்பட்ட நமசிவாயம் மூன்று தரம் சேர்ட்டைப் போட்டுவிட்டு மூன்று தரமும் கழற்றினார். சீவரத்தினம் வேலைத்தலத்தில் வருகிறவர்களுக்குப் போகிற நேரத்தையும் போகிறவர்களுக்கு வருகிற நேரத்தையும் பதிந்து ஏச்சு வாங்கினான். கடைசியில் வெட்கத்தை விட்டு, அடைக்கலநாதனையே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வந்தான்.

அடைக்கலநாதன் தொட்டியைச் சுற்றி வந்தான். குழாய்க்குள் கையை விட்டுப் பார்த்தான். அடியில் அடைந்திருந்த சேற்றைக் கிள்ளி மணந்தும் பார்த்தான்.

"தொட்டியிலை ஒரு பிழையும் இல்லை."

"அப்ப ஏன் கலங்குது?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. நான் இருபது வருசமா உதே வேலை. உப்பிடி ஒரு தண்ணியை நான் கண்டதில்லை." அவன் சேர்ட்டில் கையைத் துடைத்தான். "நீ விடு மச்சான். நான் பெரிய மோட்டர் ஒண்டு கொண்டந்து, ராப்பகலா ஓடவிட்டு, பக்கத்திலையே பாயைப் போட்டுப் படுக்கிறன். தெளியாமல் எங்கை போறது பாப்பம்."

அதுதான் சரி என்று சீவரத்தினத்துக்குப் பட்டது. தன்னால் முடியாததை முடிக்கத் தெரிந்தவனிடம் கொடுத்துவிட்டு விலகுவதுதான் மரியாதை. அடைக்கலநாதனை அனுப்பிவிட்டு, குளக்கட்டில் நின்ற பத்மாசினியிடம் போனான். நெடுநாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னான்.

"நான் உங்களுக்கு ஒரு பொய் சொன்னனான். எனக்கு உந்த வேலை தெரியாது. நான் வாசல்லை நேரம் பதியிற ஆள். என்ராலை உங்கடை அலுவல் பிந்திப் போச்சு. லண்டன் ஆக்களும் காத்துக்கொண்டிருக்கினம். நாளையிலை இருந்து அடைக்கலநாதன் வருவான், ரா முழுக்க இஞ்சை நிப்பான். கட்டாயம் தெளியும். நான் இனி வரேல்லை."

பத்மாசினியின் முகம் வெளிறியது.

"ரா முழுக்கவோ?" என்று கேட்டாள்.

"ஓம். கண் மூடமாட்டான். நல்ல பெடியன்."

 அவள் கலங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நீங்கள் நேரம் பதியிற ஆள் எண்டு எனக்கு முதலே தெரியும்," என்றுவிட்டு விறுவிறென்று உள்ளே போய்விட்டாள்.

பொய்க்காரன் என்று தெரிந்தும் இவ்வளவு நாளும் மரியாதைக்காகப் பொறுத்திருக்கிறாள் என்று சீவரத்தினம் நினைத்தான். அவன் நெஞ்சு ஓட்டைப் பீப்பா மாதிரி வெறுமையாகிக்கொண்டு வந்தது. கரியரை எடுத்தான். தொட்டியை ஒருமுறை தடவிப் பார்த்தான். படலையைத் திறந்து ஒழுங்கையில் காலை வைத்தான். இனி அந்தப் பக்கமே பார்க்காமல் மற்ற ஒழுங்கையால் ரயிலுக்குப் போவது என்று தீர்மானித்தான்.

புல்லுக் கட்டோடு எதிரே வந்த அன்னப்பிள்ளை அவனைக் கண்டதும் நின்று, கட்டை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றினாள்.

"தம்பி, உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். பனி கூடிப்போச்சு, விடியக்காலமை உந்தக் குளத்துக்கை இறங்க இனி என்னாலை ஏலாது, நாளைக்கும் நீங்கள் வாறதெண்டால் பத்மாசினிப் பிள்ளையையே இறங்கித் தண்ணியைக் கலக்கச் சொல்லுங்கோ."