அழுத்திப் பிடிக்கவும்

“அழுத்திப் பிடிச்சிட்டுத்தான் இருக்கேன் மேடம். எப்ப விடலாம்?”

தொலைபேசியில் வந்த குரல் பவ்யமாகத்தான் இருந்தது. அவள்தான் பதறிப்போய், தான் எழுதியதைத் திரையில் தேடினாள். வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் இணையதளத்துக்கு உதவிப் பக்கங்கள் எழுதும் வேலை அவளுடையது. ‘கதவு திறக்கவில்லையா? சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடிக்கவும்’ என்று முந்தின நாள்தான் எழுதிப் போட்டிருந்தாள்.

“எவ்வளவு நேரமா சார் பிடிச்சிருக்கீங்க?”

“ஆபீசுக்கு லீவு சொல்லிட்டேன் மேடம்.”

பிள்ளைகளுக்காக எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, நாற்பது வயதில் கிடைத்த வேலை. ஆறு மாதம் தற்காலிகம், தேறினால் நிரந்தரம். ஐந்தாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. அவசர அவசரமாக ‘மூன்று விநாடி’ என்று சேர்த்தாள்.

மறுநாள் அதே குரல். “மூணு விநாடி கரெக்டா எண்ணினேன் மேடம். கதவு திறந்துச்சு. இப்ப தண்ணியெல்லாம் ஹால்ல நிக்குது.”

‘முதலில் தண்ணீரை வெளியேற்றவும்’ என்று சேர்த்தாள்.

“வெளியேன்னா எங்க மேடம்? வாசலுக்கா, பின்பக்கமா?”

அதற்கும் ஒரு வரி. அந்த வரிக்கு ஒரு படம். படத்துக்கு ஒரு விளக்கம்.

வாடிக்கையாளர் சேவையில் இருந்த பெண் அவருக்குப் பெயரே வைத்துவிட்டாள். தினமும் பத்து மணிக்கு, “அக்கா, உங்க சந்தேகம் சார் லைன்ல இருக்கார்” என்று தள்ளிவிடுவாள். எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கும் மனிதர், பில் நம்பர் கேட்டால் மட்டும், “அது அலமாரியில எங்கயோ இருக்கு மேடம்” என்று நழுவிவிடுவார்.

இரண்டு வாரத்தில் அந்தப் பக்கம் இருபத்துநாலு படிகளாக வளர்ந்து நின்றது. மெஷினை வடிவமைத்த பொறியாளர் நேரே அவள் மேசைக்கு வந்தார்.

“ஒரு கதவைத் திறக்க இருபத்துநாலு படியா? படிச்சு முடிக்கிறதுக்குள்ள உள்ள இருக்கிற துணியே காஞ்சிடும்மா.”

ரோஷம் வந்து நாலு வரியாக வெட்டினாள். வெட்டிய வேகத்தில் தண்ணீரைப் பற்றிய வரியும் போய்விட்டது. மாலைக்குள் பதினோரு வீட்டு ஹாலில் தண்ணீர். மேனேஜரிடமிருந்து ஒரு வரிக் கடிதம் வந்தது: ‘வெள்ளிக்கிழமை வந்து பார்க்கவும்.’

சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக் கணவன் கேட்டான், “என்னாச்சு?”

“பதினோரு வீட்டை மூழ்கடிச்சிட்டேன்.”

“நம்ம வீடு அதுல இல்லையே. சாப்பிடு.”

மறுநாள் பத்து மணிக்குச் சந்தேகம் சார் வந்தபோது அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை.

“எத்தனை தடவை படிச்சாலும் பிடிபடல மேடம். நீங்களே வாயால சொல்லுங்களேன். மெதுவா. எழுதிக்கிறேன்.”

கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வது போலச் சொன்னாள். “முதல்ல மெஷினை நிறுத்துங்க. கீழ் மூலையில ஒரு சின்ன மூடி இருக்கும். அடியில அகலமா ஒரு தட்டு வெச்சு அதைத் திறங்க. தண்ணி வடிஞ்சு நிக்கட்டும். அப்புறம் சிவப்புப் பொத்தானை அழுத்திக்கிட்டே ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுங்க. டக்குன்னு சத்தம் கேட்டதும் விட்டுடுங்க.”

கொஞ்ச நேரம் பேனா ஓடும் சத்தம்.

“இதுல சந்தேகமே இல்ல மேடம்.”

போனை வைத்தாள். இத்தனை நாள் மெஷினைப் பார்த்தே எழுதியிருக்கிறோம், அதன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற ஆளைப் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. சொன்னதைச் சொன்னபடியே தட்டச்சு செய்து, பக்கத்தை மாற்றினாள்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

“மூணு நாளா கதவைப் பத்தி ஒரு அழைப்புகூட வரல. மத்த பக்கங்களையும் இப்படியே மாத்திடுங்க.” நிரந்தர உத்தரவை அவள் பக்கம் நகர்த்தினார்.

வெளியே வந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கணவனுக்குச் சொல்லுமுன் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். சேவைப் பெண்ணிடம் எண்ணை வாங்கி அழைத்தாள். எடுத்தது அவர் மனைவி.

“சார் இருக்காங்களா? மெஷின் கம்பெனியிலிருந்து பேசறேன். அவர் கேட்ட கேள்விகளாலதான் எனக்கு வேலை நிரந்தரமாச்சு. ஒரு நன்றி சொல்லணும்.”

“அந்த மேடம் நீங்கதானா?” என்றாள் அந்த அம்மா. “நன்றி நாங்கதான் சொல்லணும். எங்க வீட்டுல மெஷினே கிடையாதுங்க. உங்க போட்டிக் கம்பெனியில இவருக்கும் உங்களை மாதிரியே எழுதற வேலைதான், நீங்க சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்து நேத்துதான் இவருக்கும் நிரந்தரமாச்சு.”