கோர்த்தேகாஸ் அம்மாளின் துடைப்பமும் வீபேயின் உறுமலும்

வாழி, வீபே தெர்ப்ஸ்த்ரா! மாஸ் நதி வளைந்தோடும் ராட்டர்டாம் மாநகரின் க்ரோஸ்வைக் பகுதியில், செங்கல் மாளிகை ஒன்றின் மூன்றாம் மாடியில், மிதிவண்டிக்கும் ஈரக்கோட்டு காயும் நாற்காலிக்கும் இடையே சுழல்நாற்காலியையே அரியணையாக இட்டு அமர்ந்தவனே! ஞாயிறன்று வைத்த பட்டாணிச் சூப்பைச் செவ்வாய் வரை சூடேற்றிக் குடிக்கும் அஞ்சா நெஞ்சனே! இருசெவியும் மறைக்கும் ஒலிக்கவசம் பூண்டவனே! உன் புகழ் பாடப் புகும் இந்நாக்கு குழறாதிருக்க, கணினியின் மின்விசிறிக்குள் குடியிருக்கும் காற்றுத் தெய்வம் காப்பதாக.

வீரனின் வேட்கை சிறிது. நகரின் நடனக்கூடங்களுக்காக இசை செய்பவன் அவன். பதினோராண்டுகளாக அவன் செய்த பாட்டெல்லாம் கணினியிலேயே பிறந்து, கணினியிலேயே நரைத்து, கணினியிலேயே மூத்துக் கிடந்தன. கருநிற இசைத்தட்டு ஒன்றின் நடுவட்டத்தில் தன் பெயரை ஒரே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதன்பின் உலகம் என்ன ஆனாலும் அவனுக்குச் சம்மதம். அந்தத் தட்டுகளை அச்சிடும் பெருந்தகை யாப், செவ்வாய்க்கிழமை நண்பகலில் தொலைபேசி வழியே முழங்கினான்:

"தட்டோட பின்பக்கத்துல ஒரு பாட்டுக்கு இடம் காலியா இருக்குடா வீபே. இன்னிக்கு அஞ்சு மணி. அஞ்சேகாலுக்கு அனுப்பிட்டு, வழியில டிராம் நின்னுபோச்சுன்னு கதை விடாதே. நீ வீட்டுக்குள்ளதான் உட்கார்ந்திருக்கே. வரலைன்னா அந்த இடம் ஃப்லோரிஸுக்கு."

ஃப்லோரிஸ்! வாரம் ஒரு பாட்டு ஈன்று, ஈன்ற பாட்டுக்கெல்லாம் தானே முதலில் கைதட்டும் அப்பகைவனின் பெயர் கேட்டதும், வீபேயின் புருவம் வில்லென வளைந்தது. சூப்புக் கிண்ணம் மேசையில் அதிர்ந்தது.

போர்க்களத்தைச் சொல்வேன். பாட்டின் அடித்தளத்தில் இரண்டு மதயானைகள் நின்றன. ஒன்று முரசு, மற்றது பேஸ் என்னும் அடித்தொனி. ஒரே வாசலில் இரண்டும் ஒருசேர நுழைய முயன்று, தோளோடு தோள் சிக்கி, உள்ளே போகவுமாட்டாமல் வெளியே வரவுமாட்டாமல் முக்கி நின்றன. இவற்றைப் பிரிக்க வீபே தன் ஆயுதசாலையினின்று இரண்டு படைக்கலங்களை எடுத்தான். முதலாவது டிஸ்டார்ஷன் என்னும் குரல்கிழிப்பான்: சாதுவான ஒலியையும் வாயைக் கிழித்து உறுமவைக்கும் கொடிய மென்பொருள். இரண்டாவது சைடுசெயின் என்னும் மாயக்கடிவாளம்: ஓர் ஒலியின் கழுத்தில் கட்டிய கயிற்றை இன்னோர் ஒலியின் கையில் கொடுக்கும் தந்திரம். இரண்டையும் இணைத்தால், முரசு அதிரும்போதெல்லாம் அடித்தொனி உறுமும். முரசு ஓய்ந்தால் பூனையாகிப் படுத்துக்கொள்ளும். முன்யானை கால்வைத்தால்தான் பின்யானை நடக்கும்.

செய்ய வேண்டியது ஒன்றே: கயிறு எந்த ஒலித்தடத்தின் கையில் என்று பட்டியலில் தொட்டுக் காட்டுவது. ஆனால் இசை செய்யும் இக்குலத்தோருக்கு ஒரு சாபமுண்டு. பிள்ளைக்குப் பெயர் வைக்க எட்டு மாதம் யோசிக்கும் இவர்கள், பாட்டின் தடங்களுக்கு மட்டும் பெயரே வைப்பதில்லை. முரசு 'ஆடியோ 14' என்று நின்றது. அதன் கீழே 'ஆடியோ 15' என்று நின்றது, ஒட்டுமைக். காற்றைக் கேளாமல் மரத்தின் நடுக்கத்தை மட்டுமே கேட்கும் அந்தச் செவியை, தேக்கரண்டி விழும் ஓசை பிடிப்பதற்காகக் காலையில்தான் தரைப்பலகையில் ஒட்டியிருந்தான். பிடித்தபின் பிய்க்க மறந்திருந்தான். வீரனின் விரல் ஒரு நூலளவு தாழ்ந்தது. பதினைந்தைத் தொட்டது. அறியான்!

பாட்டை ஓடவிட்டான். அடித்தொனி உறுமலின்றி, சோற்றுக்கப்புறம் சாய்ந்த மாமனார்போல் முனகிக் கிடந்தது. "என்னடா இது, தூங்குது" என்று வீரன் ஒலிப்பெருக்கியை உயர்த்தினான். மேலும் உயர்த்தினான். சன்னல் கண்ணாடி நடுங்கிய அந்நொடியில், இரண்டாம் மாடியில் ஒரு மாதரசி நாளிதழை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

வாழி, கோர்த்தேகாஸ் அம்மாள்! துறைமுகத்தின் பாரந்தூக்கிகளை முப்பதாண்டு ஆண்ட, இன்று துடைப்பம் ஒன்றையே ஆளும் எழுபத்தாறு வயதுச் சேனாதிபதி. நாலாண்டுகளாக, மேல்மாடியினின்று ஓசை வரும்போதெல்லாம் துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பது அவள் அறம். ஒரு மணிமுதல் ஐந்துமணிவரை இசைக்கலாம் என்பது குடியிருப்பின் விதி. துடைப்பத்துக்கு அந்த விதி பொருந்தாது.

டொக். டொக்-டொக்.

பலகை நடுங்கியது. மைக் கேட்டது. கயிறு சுண்டியது. அடித்தொனி எழுந்து நின்று, கூண்டுக்கம்பியை வளைத்த புலியென உறுமியது! அவ்வுறுமல் கீழே இறங்கிச் சேனாதிபதியின் தேநீர்க் கோப்பையைக் கலக்கியது. கலங்கியவள் மறுபடி இடித்தாள். இடித்ததும் மறுபடி உறுமியது. உறுமியதும் மறுபடி இடித்தாள். இடியும் உறுமலும், உறுமலும் இடியுமாக இருபது நிமிடம் க்ரோஸ்வைக் அதிர, தெருவில் போன நாய் ஒன்று தாளம் தப்பாமல் வாலாட்டியது. நான் சொல்வதில் மிகையில்லை. அந்த நாய்க்குப் பெயர் கூட உண்டு.

வீரன் கண்ணீர் மல்கினான். என்ன உறுமல்! என்ன தயக்கம்! ஒவ்வொரு முறையும் முரசுக்கு ஒரு மயிரிழை பிந்தி, கோபத்தோடு வந்து விழும் அழகு! "கண்டேன்" என்று கூவினான். கூவியபின்தான் பார்த்தான்: பதிவுப் பொத்தானை அழுத்தவேயில்லை. அதற்குள் கீழே கை வலித்தது; துடைப்பம் சாய்ந்தது; உறுமலும் மறைந்தது.

அப்போது மணி மூன்று. பட்டியலை ஆராய்ந்து பதினைந்தைக் கண்டுபிடிக்க அரைமணி. பிழையையும் கீழ்வீட்டுத் துடைப்பத்தின் கைவரிசையையும் அறிந்து, நெற்றியில் அடித்து, கயிற்றை முரசின் கையில் முறைப்படி கொடுத்துப் பார்த்தான். பாட்டு சரியாகத்தான் வந்தது. தபால் நிலையத்தில் முத்திரை குத்துவதுபோல் சரியாக வந்தது. உயிரில்லை. மீண்டும் பதினைந்துக்கே மாற்றித் தானே தரையில் மண்டியிட்டுக் கரண்டியால் தட்டினான், சூப்பு அகப்பையால் தட்டினான், தன் துடைப்பத்தால் தட்டினான். பதினோராண்டு இயந்திரத் தாளத்தோடு வாழ்ந்த கை, தாளத்தின் நடுமண்டையிலேயே விழுந்தது. பிந்த வேண்டுமானால் முதலில் கோபம் வர வேண்டும், கோபம் வந்தபின் நாற்காலியினின்று எழ வேண்டும், எழும்போது முட்டி வலிக்க வேண்டும். இம்மூன்றும் கூடிப் பெறும் பிந்தல் வேறெந்தக் கடையிலும் கிடையாது.

ஆகவே நான்கு மணிக்கு, செருக்கைக் கழற்றிவைத்துக் காலணியை மாட்டிக்கொண்டு, வீரன் தூது இறங்கினான்.

"யாரு?"

"நான்தாம்மா, மேல்வீட்டு வீபே."

கதவு சங்கிலியளவு திறந்தது. "நேரம் சொல்லிட்டு வந்தியா?"

"இல்லம்மா, அவசரம்."

"குழாய் உடைஞ்சுதா?"

"இல்ல."

"தீப்பிடிச்சுதா?"

"இல்லம்மா."

"அப்ப அவசரம் இல்ல."

"நீங்க கொஞ்சம் தட்டணும்மா. துடைப்பத்தால. முன்ன தட்டினீங்களே, அதே மாதிரி."

சேனாதிபதி அவனை உச்சிமுதல் உள்ளங்கால்வரை நோக்கினாள்.

"நாலு வருஷமா தட்டறேன். ஒரு நாளாவது உன் காதுல விழுந்துதா? இன்னிக்கு வாசல்ல வந்து நின்னு தட்டுங்கறே. கிண்டலா?"

"சத்தியமா இல்லம்மா. நீங்க தட்டினாத்தான் பாட்டு நல்லா வருது."

"அப்படியா? அப்ப சத்தியமா தட்ட மாட்டேன்." பையினின்று சிறு நாட்குறிப்பை எடுத்து, விரலை எச்சில் தொட்டுப் புரட்டினாள். "வியாழன் ரெண்டரை. காபி. அதுக்கு முன்னாடி இடமில்ல."

"அம்மா, இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள..."

"வியாழன் ரெண்டரை. எழுதிட்டேன், இனி அழிக்க முடியாது."

கதவு மூடியது. தூது தோற்றது.

மேலேறிய வீரன் ஒலிப்பெருக்கியை இறுதிவரை திருப்பினான். எதிர்வீட்டுப் புறாக்கள் வேறு நாட்டுக்குப் புறப்பட்டன. கீழே துடைப்பம் அசையவில்லை. நாலாண்டு இடித்த மாதரசி, இடிக்கச் சொன்ன ஒரே காரணத்தால், கைகளை மடியில் கட்டி, பல்லைக் கடித்து, மேலே பார்த்தபடி தவமிருந்தாள். நாலரை. நாலு நாற்பது. நாலு நாற்பத்தைந்து. ஃப்லோரிஸின் முகம் புன்னகையோடு சுவரில் தோன்றி மறைந்தது.

தோற்றவன் ஒலிப்பெருக்கியை அணைத்தான். காதில் கவசத்தைப் பூட்டி, பதிவுப் பொத்தானை வெறும் பழக்கத்தால் அழுத்தி, பாட்டைத் தனக்கு மட்டும் ஓடவிட்டு, மேசையில் தலைசாய்த்தான்.

மாளிகை அமைதியாயிற்று. நாலாண்டில் முதல்முறையாக அக்கூரை மௌனித்தது. அந்த மௌனத்தின்கீழ் கோர்த்தேகாஸ் அம்மாள் நாளிதழை எடுத்தாள். ஒரே வரியை மூன்று முறை படித்தாள். கடிகாரம் கேட்டது. குளிர்சாதனப் பெட்டி கேட்டது. மேலே ஒரு காலடி கூடக் கேட்கவில்லை. பையன் வாசலில் நின்றபோது முகம் ஒருமாதிரி இருந்ததே என்று நினைத்தாள். நினைத்தவள் எழுந்தாள், முட்டி வலித்தது, துடைப்பத்தைத் தேடி எடுத்தாள், இம்முறை மெல்ல உயர்த்தினாள்.

டொக்... டொக்-டொக். டொக்?

"உசிரோட இருக்கியாடா?"

வீரனின் கவசத்துக்குள் ஆயிரம் புலிகள் ஒருங்கே எழுந்தன! முரசைக் கேளாமலே தட்டினாலும், கோபத்தைவிடக் கவலை இன்னும் ஒரு மயிரிழை பிந்தும் என்பதை மண்ணுலகம் அன்றுதான் அறிந்தது. டொக்கென்றால் உறுமி, டொக்-டொக்கென்றால் சீறி, பதில் வரும்வரை அவள் விடாமல் தட்ட, பாட்டு முடியும்வரை அவன் பதில் சொல்லாதிருந்தான். முடிவுநொடியில், நன்றிமிகுந்து, குதிகாலால் தரையை இருமுறை மிதித்து "இருக்கேம்மா" என்றான். அந்த இரண்டு மிதியும் இரண்டு உறுமலாகப் பாட்டின் கடைசியில் பதிந்துவிட்டன.

நான்கு ஐம்பத்தெட்டுக்குப் பாட்டைச் சுமந்த ஓலை யாப்பிடம் பறந்தது. ஐந்து பத்துக்கு யாப் முழங்கினான்: "பின்பக்கம் உன்னோடதுடா! அந்த உறுமல் எதுலேர்ந்துடா வந்துது?" வீரன் இமைக்காமல், "ஆடியோ பதினஞ்சு" என்றான்.

வாழ்க வீபே! வாழ்க துடைப்பம்! வாழ்க மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே அதிர்ந்த அந்தப் பலகை! நதி உள்ளளவும் நடனக்கூடம் உள்ளளவும் இவ்வெற்றி பாடப்படுவதாக!

வியாழக்கிழமை இரண்டரைக்கு வீபே கீழே போனான், கோர்த்தேகாஸ் அம்மாள் அந்நாட்டு வழக்கப்படி ஒரு காபியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு டப்பாவை மூடி வைத்தாள்.