பாபநாசத்தைச் சீவலப்பேரிக்குக் கீழே வைத்த கதை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் செய்த பெரிய காரியம், ஓர் அட்டவணைக்குக் கீழே இன்னோர் அட்டவணையை ஒட்டியதுதான். அது திருநெல்வேலியில், எங்கள் வெள்ள நிவாரணத் திட்ட அலுவலகத்தில் நடந்தது.

வெள்ளத்தில் செத்த ஒவ்வோர் ஆட்டுக்கும் ஓர் ஆடு, வீட்டிலுள்ள ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு மூட்டை அரிசி. இதுதான் திட்டம். சீவலப்பேரியில் கணக்கெடுத்தவர் முதலில் ஆட்களையும் பிறகு ஆடுகளையும் எழுதினார். பாபநாசத்தில் எடுத்தவர் கால்நடைத் துறைக்காரர். அவருக்கு ஆடுதான் முதலில்.

'தரவு ஆலோசகர்' ஜெய்சன் சார் இரண்டு கணக்கையும் 'மேட்ரிக்ஸ்' என்னும் எண் கட்டங்களாக ஆக்கினார். 'ஆர்' என்னும் கணினி மொழியில் ஒன்றின் கீழ் இன்னொன்றை ஒட்டும் 'ஆர்பைண்ட்' கட்டளையை ஒரே வரியில் எழுதினார். ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் பாபநாசம், சீவலப்பேரிக்குக் கீழே போய் உட்கார்ந்தது. தாமிரபரணியால் ஆகாத காரியம்! தலைப்புகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் சில்லறைப் புத்தி ஆர்பைண்டுக்குக் கிடையாது. மேலே இருப்பவரின் தலைப்பையே கீழே இருப்பவருக்கும் சூட்டிவிடும். நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம்.

மறுவாரம் பாபநாசத்திலிருந்து இசக்கித்தாய் வந்தார். தனிக்கட்டை. ஆடு வளர்த்துப் பிழைப்பவர்.

"ஐயா, வெள்ளத்துல போனது ஒம்போது ஆடு. ஒரே ஒரு ஆட்ட எறக்கிட்டு, ஒம்போது மூட்ட அரிசியப் போட்டுட்டுப் போயிட்டாவ."

ஜெய்சன் சார் திரையைப் பார்த்தார். "சரிதானம்மா. உங்க வீட்டுல ஒம்போது பேரு."

"நான் ஒருத்திதான்யா இருக்கேன்."

"அப்ப மத்த எட்டுப் பேரு எங்க?"

"எந்த எட்டுப் பேரு?"

"நாங்க அரிசி குடுத்த எட்டுப் பேரு."

இசக்கித்தாய் அழுதுவிட்டார். "அரிசிய நீங்களே எடுத்துக்கிடுங்க. எனக்கு ஆடு இல்லாட்டா பொழப்பு கெடையாதுய்யா."

உடனே உயர்மட்டக் கூட்டம் கூடியது. வந்த புகார் ஒன்று. ஆகவே பிழையும் ஒன்றே எனத் தீர்மானிக்கப்பட்டது. திருத்தினால், முதலில் தவறு நடந்ததாக ஆகிவிடும். எனவே ஜெய்சன் சார் அட்டவணையிலிருந்து இசக்கித்தாயின் வரியையே நீக்கினார். வரி போனபின் அரிசிக்கும் ஆட்டுக்கும் ஆதாரம் இல்லாததால், இரண்டையும் ஜீப்பில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தோம்.

இன்று எங்கள் அட்டவணையில் பிழையே கிடையாது. பாபநாசத்தில் மற்ற வீட்டுக்காரர்கள் ஒருவரும் புகார் சொல்ல வரவில்லை. இசக்கித்தாய் வீட்டுக்கு ஜீப் வந்து போனதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.