மூணு கம்பியின் பாட்டு

உலகத்திலேயே ஒரு பாட்டுகூட வாசிக்காத வாத்தியக்காரர் ஒருவர்தான் இருந்திருப்பார். அவரும் பார்த்துப் பார்த்து எங்கள் நெல்லித்தோப்புத் தெருவுக்கே குடி வந்தார். தலையெழுத்து, வேறென்ன சொல்ல?

பெயர் ஏதோ பிரெஞ்சுப் பெயர். யார் வாயிலும் நுழையவில்லை. பிடிலில் மூன்றே கம்பி இருந்ததால் தெருவுக்கு அவர் மூணு கம்பி. நேரில் மட்டும் முசே, பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய தமிழர், பென்சன்காரர். நாலாவது கம்பி வாங்காதது கஞ்சத்தனம் என்று அவருக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்கார அம்மாள் முடிவு கட்டிவிட்டார்.

விஷயம் அதுவல்ல. பிரான்சில் அவருக்கு மேல்மாடியில் ஹங்கேரிய மொழி பேசும் ரோமா குடும்பம், அதாவது ஜிப்சி இனத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. தங்கள் ஊர்ப்பக்கக் கல்யாணங்களில் வாசிக்கிற சகோதரர்கள். மூத்தவர் பிடிலில் பாட்டு வாசிப்பார். கடைசித் தம்பிக்கு ஆள் உயரப் பிடில். நடுவில் உட்காருகிறவருக்குத்தான் இந்த மூன்று கம்பி. நெஞ்சில் சாத்திக்கொண்டு மூன்றையும் ஒரே இழுப்பில் ஜக்கு ஜக்கு என்று இழுத்தபடி, பாட்டு போகிற பக்கமெல்லாம் ஓட வேண்டும். அதில் தனியாகப் பாட்டு வாசிக்க வழியே கிடையாது. நடுச்சகோதரர் இறந்துபோக, தினமும் படியேறி வந்து வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த நம் ஆளை அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர்கள் கிராமத்துக்கும் கூட்டிப் போனார்களாம்.

அந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பாட்டு உண்டு. கல்யாணத்தில் ஒருவன் ஆட எழுந்தால் வாத்தியக்காரர்கள் அவன் பாட்டை எடுப்பார்கள். அவன் செத்தால் குழிமேட்டிலும் அதே பாட்டுதான்.

இந்த வழக்கத்தை நெல்லித்தோப்பில் அமல்படுத்தக் கிளம்பினார் முசே. வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி உன் பாட்டு எது என்று கேட்டார். தையற்கடை பாய் வெட்கப்பட்டுக்கொண்டே தன் அம்மா பாடிய தாலாட்டைச் சொன்னார். நான் தப்பித்தால் போதுமென்று ஒரு சினிமாப் பாட்டைச் சொன்னேன். தண்ணீர் மோட்டார் போட வந்த வீட்டுக்கார அம்மாளும் மாரியம்மன் பாட்டோடு மாட்டிக்கொண்டார். அன்று முதல் தெருவில் தலை தெரிந்தால் போதும், அவரவர் பாட்டுக்கு ஜக்கு ஜக்கு.

“பாட்டு எங்கய்யா? வெறும் ஜக்குதான வருது” என்றார் அம்மாள்.

“பாட்டு உங்களுது. நீங்க பாடுனாதான் எனக்கு வேல.”

தையற்கடை பாய் மவுத்தானபோது வாத்தியத்தை எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பிய பிறகு, பூட்டிய கடைக்கு எதிரில் நாற்காலியைப் போட்டார். தாலாட்டுக்கு அடியில் வரும் ஜக்கு ஜக்கை மட்டும் மெதுவாக வாசித்தார். பாட வேண்டிய ஆள் இல்லை. எனக்குத் தாங்கவில்லை, உள்ளே போய்விட்டேன்.

போன வருஷம் முசே ஆஸ்பத்திரியில் படுத்தார். டாக்டர் கையை விரித்துவிட்டார். சாவது பற்றி அவருக்குப் பெரிய கவலையில்லை. வேறொன்றுதான் மனதை அரித்தது.

“அந்த ஊர்ல எனக்கும் ஒரு பாட்டு குடுத்தாங்க தம்பி. கூடவே வாசிச்சேன் இல்ல, கைக்கு ஞாபகம் இருக்கு. பாட்டுதான் மறந்துபோச்சு. பாட்டில்லாமதான் போவப்போறேன்.”

அந்தச் சகோதரர்களைக் கேட்கலாமே என்றேன். எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம்.

செல்போனில் அந்தப் பக்கத்துக் கிராமப் பாட்டுகளாகத் தேடித் தேடிப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்பார், உதட்டைப் பிதுக்குவார். நர்சம்மா என்னைத் திட்டினதுதான் மிச்சம். மூச்சு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் அழுகையும் ஆத்திரமுமாக வந்துவிட்டது எனக்கு. பாட்டு கிடைத்துவிட்டது என்று புளுகி, வாய்க்கு வந்த மெட்டை நானே முனக ஆரம்பித்தேன். சுருதி கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள் நான்.

போர்வை மேல் அவர் விரல்கள் அசைந்தன. இல்லாத கம்பிகளை அழுத்தின. நான் முடிக்கிறவரை நிற்கவே இல்லை.

“இது அது இல்ல” என்றார். விரல்களை இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, “பரவால்ல, இதையே வெச்சுக்குறேன்” என்றார்.

அடக்கத்தன்று சர்ச் சாமியார் ஜெபம் முடித்ததும் அந்த மெட்டை எடுத்தேன். பாதியில் மெட்டு மறந்துபோய் பாட்டை வேறெங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டேன். வீட்டுக்கார அம்மாள் முறைத்தார். முறைக்கட்டும். பாட்டோடு நான் எங்கே போயிருந்தாலும் மனுஷன் ஜக்கு ஜக்கென்று கூடவே வந்திருப்பார்.