கவுஞ்சி மைக்செட்டில் என் வாராந்திர அறிக்கை

அலுவலக வாட்ஸப் குழுவில் நாம் அனுப்பிய அறிக்கைக்குக் கீழே கட்டைவிரல் படம் வந்தால், அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று பொருள். இந்தப் பேருண்மை எனக்கு விளங்க ஒரு பருவம் முழுக்கத் தேவைப்பட்டது. அதுவரை, விரல்கள் வந்து குவிந்த வாரமெல்லாம் உலகத்தையே ஒரு பக்கத்தில் சுருக்கிக் கொடுத்துவிட்ட நினைப்பில் திரிந்தேன்.

கொடைக்கானலில் காய்கறி வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். அதற்கு மூன்று கொள்முதல் நிலையங்கள். கவுஞ்சியில் பூண்டும் கேரட்டும், பாச்சலூரில் பீன்ஸும் மலைவாழையும், அடிவாரத்து அய்யம்பாளையத்தில் மாங்காயும் தேங்காயும் வாங்குவார்கள். எங்கே என்ன வந்தது, எது வீணானது, ஏன் வீணானது என்று வாரா வாரம் சுருக்கி மூன்று மேலாளர்களுக்கும் அனுப்ப வேண்டும். ஓரிடத்தில் நடப்பது மற்ற இடத்துக்கும் தெரிந்தால் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள் என்பது ஜி.எம். சாரின் எண்ணம். நல்ல எண்ணம்தான். அதை என்னிடம் ஒப்படைத்ததில்தான் சறுக்கிவிட்டார்.

ஏனென்றால் நான் மதுரையில் எம்.பி.ஏ. படித்தவள். (படித்ததை எங்காவது காட்டியாக வேண்டுமே.) அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதினேன். வட்டப் படம் போட்டேன். கேரட்டுக்கு ஆரஞ்சு, பீன்ஸுக்குப் பச்சை, பூண்டுக்கு வெள்ளை. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எப்படித் தெரியும்? பூண்டு இருக்க வேண்டிய இடத்தில் வட்டத்தை எலி கடித்துத் தின்ற மாதிரி இருந்தது. அதற்கும் மூன்று கட்டைவிரல் வந்தது.

சந்தேகம் வந்து ஒரு வாரம் சோதித்துப் பார்த்தேன். அய்யம்பாளையம் நிலையத்துக்குக் காட்டுமாட்டுக் கூட்டம் ஒன்று வந்து மொத்தத் தேங்காயையும் வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருப்பதாக எழுதினேன். அய்யம்பாளையம் மேலாளர் பாண்டியம்மாள் அக்காவே ரோஜாப்பூ போட்டு, ‘வாழ்த்துகள்’ என்று அனுப்பினார்.

மாதக் கூட்டத்தில் குட்டு உடைந்தது. ஏன் பூண்டு அழுகுகிறது என்று கவுஞ்சி மேலாளர் முருகேசண்ணனிடம் ஜி.எம். சார் கேட்டதற்கு, பாச்சலூர் மேலாளர் சின்னச்சாமியண்ணனும் பாண்டியம்மாள் அக்காவும் அப்படியா என்று ஆச்சரியப்பட்டார்கள். கூட்டம் முடிந்ததும் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“யாரும் படிக்காத ரிப்போர்ட்டுக்கு ஒரு ஆள் எதுக்கும்மா?”

அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகவே பதில் வேண்டும் என்பதுபோல் கேட்டார். அப்போது எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் வேறு நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கவுஞ்சியில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, கணக்குப் பிரிவில் இருக்கும் என் தோழி ஸ்டெல்லாவுக்குக் குரல் பதிவில் குறையைக் கொட்டினேன். சும்மா புலம்பினால் சுவை இல்லையென்று, வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் ஆரம்பித்தேன்.

“வணக்கம். இந்த வாரச் சுருக்கம். பாச்சலூர்ல பீன்ஸு ஈரத்தோட மூட்டை ஏறுது. கேட்டா பனிம்பாரு சின்னச்சாமியண்ணன். பனி என்ன, அவரு ஷெட்டுக்குள்ள மட்டுமா பெய்யுது? அய்யம்பாளையத்துல மாங்கா வெயில்ல கெடக்கு, பாண்டியம்மாளக்கா நெழல்ல இருக்காங்க. நம்ம கவுஞ்சியில எடை நிக்கணும்னு பூண்டக் காய விடாம பச்சையாவே கொண்டாந்து போடுறாங்க. முருகேசண்ணனும் கண்ண மூடிக்கிட்டு எடை போடுறாரு. எங்கப்பா போடுறதும் அதே பச்சப் பூண்டுதான். அழுகுன மூட்டையில அவருதும் உண்டு. இத இங்கிலீசுல எழுதி வட்டம் போட்டா, எல்லாரும் வெரலக் காட்டுறாங்க.”

கடைசியில் பெரிதாக ஒரு கொட்டாவியும் விட்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் காற்று அடிக்கும் திசையைப் பொறுத்துத்தான் சிக்னல் கிடைக்கும். பதிவு போகாமல் நின்றது. அப்படியே மறந்துவிட்டேன். மறுநாள் காலை கொடைக்கானல் பஸ்ஸில் போகும்போது, பூம்பாறையை நெருங்குகையில் கைப்பேசி சிணுங்கியது. பதிவு போய்ச் சேர்ந்துவிட்டது. மேலே பெயரைப் பார்த்தேன். ஸ்டெல்லா இல்லை. ‘மேலாளர்கள்’.

அழிக்க விரலை வைத்தேன். பஸ் வளைவில் திரும்பியது. சிக்னல் போனது. மீதி வழி முழுக்கக் கைப்பேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே போனேன். (நான் மரங்களைப் படம் எடுப்பதாக நினைத்து, பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அம்மா நகர்ந்து இடம் விட்டார். நல்ல மனசு.)

இதற்குள் கவுஞ்சியில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. திங்கட்கிழமை எடை நாள். விவசாயிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஷெட்டில் மைக்செட் கட்டியிருப்பார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து குரல் பதிவு வந்திருக்கிறதே, அன்றைய விலைதான் என்று நினைத்த முருகேசண்ணன், கைப்பேசியை அப்படியே மைக்கின் வாயில் வைத்துவிட்டார். பாதியில் நிறுத்தியிருக்கலாம்தான். தன் பெயர் வந்ததும் கை மரத்துப்போய்விட்டது என்றார்.

ஊரே நின்று கேட்டிருக்கிறது. மைக்கில் என் குரல் கரகரவென்று வந்ததில் யாருக்கும் ஆள் பிடிபடவில்லை. ‘எங்கப்பா போடுறதும்’ என்ற இடத்தில் கூட்டம் கொதித்து, யார் பெற்ற பிள்ளை இது என்று ஒருவரை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். எங்கள் அப்பா தராசுக்கு அடுத்தபடியாகத் தன் மூட்டைகளோடு நின்றிருந்தார். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பார்.

“எம் மகதான்” என்று கையைத் தூக்கினாராம்.

“ஏலே, ஒம் மக ஊரு மானத்தையே வாங்கிட்டாளே” என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். அப்பா அவர் கையைப் பிடித்துத் தன் மூட்டைக்குள் விட்டு, “பொய்யா சொன்னா? நீயே தொட்டுப் பாரு. சொதசொதன்னு கெடக்கு” என்றிருக்கிறார். பிறகு இறக்கிய மூட்டைகளைத் தானே திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் அலுவலகத்தில் நுழைந்தபோது ஜி.எம். சாரின் போனில் மூன்று மேலாளர்களும் ஒரே அழைப்பில் இருந்தார்கள். ஸ்பீக்கரில் சின்னச்சாமியண்ணனின் குரல் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்துக்கொண்டிருந்தது. நேற்று வந்த பிள்ளை, எல்லார் முன்னாலும் அசிங்கப்படுத்துகிறது என்றார். என் ராஜினாமாக் கடிதம் மனசுக்குள் தயாராகிவிட்டது. (ஆங்கிலத்தில்தான். வட்டப் படம் மட்டும் இல்லை.)

அப்போது முருகேசண்ணன் குறுக்கே பேசினார். “அண்ணே, அந்தப் புள்ள பெத்த அப்பனையே விடல. நம்மள விடுவாளா? அவரு மூட்டையத் திருப்பி ஏத்திக்கிட்டுப் போறத இந்தக் கண்ணால பாத்தேன்.”

முதலில் சிரித்தது பாண்டியம்மாள் அக்கா. மாங்காய் வெயிலில் கிடப்பது நிஜம்தான், லாரி மத்தியானத்துக்கு மேல்தானே வருகிறது என்றார். உடனே சின்னச்சாமியண்ணன், தன்னிடம் அதே லாரி வெள்ளனே வந்து நிற்பதால்தான் பனி காய்வதற்குள் பீன்ஸை ஏற்ற வேண்டியிருக்கிறது என்றார். இத்தனை நாளாக ஒருவர் கஷ்டம் மற்றவருக்குத் தெரியாது.

“அப்ப லாரிய மொதல்ல எங்கிட்ட அனுப்புங்க” என்றார் அக்கா. “வெயிலுக்கு முன்னாடி வெரசா ஏத்திவிட்டுர்றேன். அது மேல பாச்சலூரு வர்றதுக்குள்ள பனியும் விட்டுரும். அப்பிடியே ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு எறங்கிரட்டும்.”

வழியைத் திருப்பிப் போட்டால் போதும். என் வட்டப் படங்கள் ஒரு பருவம் முழுக்கச் சொல்ல முடியாமல் தவித்தது அவ்வளவுதான். முருகேசண்ணனும், காயாத பூண்டை இனி எடைக்கு ஏற்றுவதில்லை என்றார். ஜி.எம். சார் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அடுத்த வாரமும் இப்படியே சொல்லும்மா. கொட்டாவிய மட்டும் விட்டுரு.”

சாயங்காலம் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. வாசலில் தார்ப்பாயில் பூண்டு பரப்பிக் கிடந்தது. அப்பா குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பினேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது அவரே பேசினார்.

“எல்லாம் சரியாத்தான் சொன்ன. எங்கப்பான்னு மொட்டையாச் சொன்னியே, பேரச் சொல்லியிருக்கக் கூடாதா? நானாவுல்ல கையத் தூக்க வேண்டியதாப் போச்சு.”

சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் திரும்பினார் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

அந்த அறிக்கை இப்போதும் திங்கட்கிழமை தோறும் குரலாகத்தான் போகிறது. நிலையங்கள் கூடிவிட்டன. எனக்குக் கீழே ஆட்களும் வந்துவிட்டார்கள். கவுஞ்சியில் இப்போது தெரிந்தே மைக்கில் போடுகிறார்கள்.

பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தபோது, பொண்ணு பாடுமா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். “பாட்டெல்லாம் வராதுங்க. ஆனா அவ பேசுனா ஊரே வேலைய விட்டுட்டு நின்னு கேக்கும்” என்று அப்பா முழுக்கதையையும் எடுத்துவிட்டார். எனக்கு அடுப்படிக்குள் ஓடி ஒளிய வேண்டும்போல் இருந்தது. அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் காபியைச் சேலையில் கொட்டிக்கொண்டார். கல்யாணம் நிச்சயமானது.

இன்றைக்கும் என் மாமியார் புதிதாக ஒரு குழம்பு வைத்தால், எனக்குப் பரிமாறும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

“நல்லா இல்லைன்னா எங்கிட்ட மட்டும் சொல்லு தாயி. குரூப்புல போட்டுராத.”